செயின்சாவின் காற்று வடிகட்டலையும் இன்ஜின் குளிர்ச்சியையும் மேம்படுத்த அதன் காற்றோட்டத்தை மாற்றலாமா?

தோப்புக்காரர், பேராவூரணி

அனைவருக்கும் வணக்கம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் எங்கள் பகுதித் தோப்புகளைப் படுக்கவைத்தபோது, சாய்ந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த வேண்டிய கட்டாயத்தில்தான் நான் முதன்முதலாகச் செயின்சாவைக் கையில் எடுத்தேன். அப்போது வாடகைக்கு எடுத்தேன். பின்னர் சொந்தமாக 58 சிசி இயந்திரம் ஒன்றை வாங்கினேன். பட்டுப்போன மரங்கள், கூன்வண்டு குடைந்த மரங்கள், இடி விழுந்த மரங்கள் என்று எங்கள் தோப்பிலும் அக்கம்பக்கத்திலும் மாதத்தில் எட்டுப் பத்து நாள் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

என் சிக்கல் இதுதான். கடந்த 14 மாதங்களில் இரண்டாவது முறையாகப் பிஸ்டனும் சிலிண்டரும் போய்விட்டன. சித்திரை, வைகாசி வெயிலில் தொடர்ந்து ஓட்டினால் இரண்டாவது டேங்க் பெட்ரோல் முடிவதற்குள் இன்ஜின் இழுவை இழக்கிறது. நிறுத்திவிட்டால் அரை மணி நேரம் ஆறவைத்த பின்னரே மீண்டும் புறப்படுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் வலை முழுவதும் மாவு பூசியதுபோல் இருக்கிறது. அதைவிடக் கவலை தருவது, ஃபில்டருக்கு உட்புறம் கார்புரேட்டரின் வாயிலும் அதே மாவு ஒரு படலமாகப் படிந்திருப்பதுதான்.

கழற்றிய பிஸ்டனைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் பக்கமுள்ள பாவாடைப் பகுதி (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) பளபளப்பு போய்ச் சாம்பல் நிறத்தில், நகத்தால் தடவினால் மழமழவென்று இருக்கிறது. சைலன்சர் பக்கத்தில் மேலிருந்து கீழாக நான்கைந்து கீறல்கள் உள்ளன.

கூடுதல் காற்று உள்ளே போனால் இன்ஜின் குளிரும் என்ற எண்ணத்தில் மேல்மூடியிலும் ஸ்டார்ட்டர் கவரிலும் துளைகள் போடலாமா, ஃபில்டரின் மேல் நைலான் காலுறைத் துணியைச் சுற்றலாமா, அல்லது பெரிய ஃபில்டராக மாற்றலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறை, பொள்ளாச்சி

வணக்கம். பிஸ்டனைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதோடு, எந்தப் பக்கம் என்ன தெரிகிறது என்றும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் இயந்திரத்தில் இருப்பவை இரண்டு நோய்கள். காற்று நுழையும் பக்கத்துப் பாவாடை சாம்பல் நிறமாகத் தேய்ந்து, கடைசலில் வந்த நுண்ணிய வரிகள் மறைந்து போயிருந்தால், அது தூசி உள்ளே போன அடையாளம். அந்தத் தூசி, பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலோடு சேர்ந்து உரசும் பசையாகவே மாறிவிடுகிறது. புகை வெளியேறும் பக்கத்தில் நெடுக்குக் கீறல் விழுந்தால் அது சூடு மிகுந்து பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்த அடையாளம். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை, சிலிண்டரைச் சுற்றிச் சூட்டை வெளியேற்றும் துடுப்புகள் அடைபட்டிருப்பது, மொக்கையான செயின் ஆகியவற்றில் ஒன்றோ எல்லாமோ அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதற்கு உதவாது. சில நேரம் கெடுக்கவும் செய்யும்.

தென்னையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்னை மரத்தின் வெளிச்சுற்று கடினமானது, அதில் சிலிக்கா உண்டு. அறுவை ஆலைக்காரர்கள் அதனால்தான் கார்பைடு முனை வைத்த வாளைத் தேடுகிறார்கள். உட்பகுதியோ ஈரமும் நாருமாக இருக்கும். எனவே ஒரே வெட்டில் செயின் முதலில் உலர்ந்த மாவையும் பிறகு ஈரச் சக்கையையும் தள்ளுகிறது. மாவு ஃபில்டருக்குப் போகிறது. சக்கை, செயினை ஓட்டும் பல்சக்கரத்தின் மூடியான ஸ்பிராக்கெட் கவருக்குள் அடைந்து, வெளியேற வழியில்லாமல் சிலிண்டர் பக்கம் ஏறுகிறது. புயலில் வேரோடு சாய்ந்த மரமென்றால் அடிமரத்தில் மணலும் சேர்ந்துகொள்ளும். வெட்டும் இடத்தில் கோடரியால் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கிவிட்டு அறுத்தால் செயினுக்கும் ஃபில்டருக்கும் அது பெரிய உதவி.

துளை போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயை நன்றாகத் துடைத்து, அந்த வாயின் உட்சுவரில் விரல் நுனியால் மிக மெல்லிய கிரீஸ் படலம் தடவி, ஃபில்டரைப் பொருத்தி ஒரு டேங்க் ஓட்டுங்கள். பிறகு கழற்றி வெள்ளைத் துணியால் அந்தக் கிரீஸைத் துடைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராகத் தூசி இருந்தால் வலையின் கண்களே பெரியவை. ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக இருந்தால் ஃபில்டர் விளிம்பு அந்த இடத்தில் சரியாக உட்காரவில்லை. உங்கள் வகை இயந்திரங்களில் ஃபில்டர் இரண்டு பாதிகளாக வந்து அழுத்திப் பொருத்தப்படுவதால், நான் பார்த்த பலவற்றில் கசிவு அந்த இணைப்புக் கோட்டில்தான் இருந்தது.

சவுக்குத்தோப்பு, கடலூர்

நான் சவுக்கு வெட்டும் குழுவில் இருப்பவன். இதே அளவு இயந்திரத்தை நாள் முழுதும் ஓட்டுகிறேன். சென்ற கோடையில் மேல்மூடியில், சிலிண்டருக்கு நேர் மேலே, 6 மில்லிமீட்டர் அளவில் பன்னிரண்டு துளைகள் போட்டேன். முன்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்ட மூடி இப்போது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. துளைகள் வழியாகச் சூடான காற்று வெளியேறுவதைக் கையால் உணர முடிகிறது. இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எனவே துளை போடுவதில் தவறில்லை என்பது என் கருத்து.

இயந்திரவியல் ஆசிரியர், சேலம்

இருவருக்கும் வணக்கம். கடலூர் நண்பர் தாம் கண்டதை உள்ளபடி எழுதியிருக்கிறார்; ஆனால் கண்டதற்கு அவர் கொண்ட பொருளில்தான் நான் மாறுபடுகிறேன். இயந்திரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

செயின்சாவுக்குள் காற்றைத் தள்ளுவது ஒரே ஒரு விசிறி. பட்டறைக்காரர்கள் மேக்னட் என்று அழைக்கும் ஃபிளைவீலின் மேலுள்ள துடுப்புகளே அந்த விசிறி. ஸ்டார்ட்டர் கவரின் பிளவுகள் வழியாக நடுப்பகுதியில் காற்று உறிஞ்சப்படுகிறது. துடுப்புகள் அதை வெளிவிளிம்புக்கு வீசுகின்றன. அங்கிருந்து உறைக்குள்ளான வழியே சிலிண்டரின் துடுப்புகளுக்கு இடையில் புகுந்து, சைலன்சர் பக்கமாக வெளியேறுகிறது. உறை என்பது மழை படாமல் இருக்க வைத்த மூடி அன்று. கிணற்று நீரை வாய்க்காலில் விட்டுக் கடைமடைத் தென்னைக்குக் கொண்டுபோகிறோமே, அந்த வாய்க்காலின் கரை அது. கரையில் பன்னிரண்டு இடத்தில் உடைப்பு வைத்தால் உடைப்பருகில் நீர் பாயும் என்பது உண்மை. கடைமடைக்கு நீர் குறையும் என்பதும் உண்மை.

கடலூர் நண்பரின் மூடி குளிர்ந்திருப்பதற்குக் காரணம், சிலிண்டர் துடுப்புகளின் ஊடே முழுத் தூரம் போக வேண்டிய காற்றின் ஒரு பகுதி எளிய வழி கிடைத்ததும் மேலே தப்பிவிடுவதுதான். மூடியின் சூட்டைக் கொண்டு சிலிண்டரின் சூட்டை அளக்க முடியாது. ஸ்பார்க் பிளக்கின் அடியில் வாஷருக்குப் பதிலாக வைக்கக்கூடிய, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வளையங்கள் கிடைக்கின்றன. அதை வைத்து ஒரே மரத்தில், ஒரே செயினில், துளைகளைத் திறந்தும் ஒட்டி மூடியும் அளந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். அவ்வளவு வேண்டாம் என்றால், மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைக் குச்சி நுனியில் ஒட்டி, இயந்திரத்தைத் தரையில் நிறுத்தி செயின் பிரேக்கைப் போட்டு, வெற்றோட்டத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு துளைக்கு அருகிலும் பிடித்துப் பாருங்கள். கீற்று வெளியே தள்ளப்பட்டால் அது கசிவு. ஸ்டார்ட்டர் கவரின் நடுப்பகுதியில் கீற்று உள்ளே இழுக்கப்படும். அதே கவரின் வெளிவிளிம்பருகே துளை போட்டிருந்தால் அங்கே வெளியேதான் தள்ளும், ஏனெனில் விசிறி அழுத்தத்தை உண்டாக்கும் இடம் அதுவே.

ஆகவே குளிர்ச்சிக்கான சரியான மாற்றம் திறப்பது அன்று, மூடுவதே. உறைக்கும் சிலிண்டர் துடுப்புகளின் விளிம்புக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று துடுப்புகளுக்குள் நுழையாமல் அந்த இடைவெளி வழியே ஓடிவிடும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, திருகு வைத்து உறுதியாகப் பொருத்தி அந்த இடைவெளியைக் குறைக்கலாம். வெறும் பசையை நம்பக் கூடாது. கழன்ற துண்டு ஃபிளைவீலில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். நிமிடத்துக்கு 9,000 சுற்றில், 45 மில்லிமீட்டர் ஆரத்தில், விளிம்பின் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

அதே கணக்குதான் வடிகட்டலுக்கும் பயன்படுகிறது. அந்த வேகத்தில் விளிம்பிலுள்ள ஒரு துகளின் மேல் செயல்படும் மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. காற்றைவிடக் கனமான மரத்தூள் வெளிச்சுவரை ஒட்டியே ஓடும். விரைவில் திரும்ப அதனால் முடியாது. எனவே விசிறிக் கூட்டுக்குள், காற்று சட்டெனத் திரும்பினால் மட்டுமே நுழையக்கூடிய இடத்தில் ஒரு வாய் வைத்து, அந்தக் காற்றை ஃபில்டர் பெட்டிக்கு அனுப்பினால், தூளின் பெரும்பகுதி ஃபில்டரை எட்டாமலே குளிர்காற்றோடு போய்விடுகிறது. ஹஸ்க்வர்னா இதை ஏர் இன்ஜெக்‌ஷன் என்ற பெயரில் தருகிறது. ஸ்டில் நிறுவனமும் முன்பிரிப்பு முறை கொண்ட வடிகட்டிகளை வைக்கிறது. ஒரே விசிறியிலிருந்து மூச்சுக்காற்றும் குளிர்காற்றும் பிரியும் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். சுழலும் பாகம் ஒன்றுகூடக் கூடுதலாகச் சேர்க்காமல் செய்த வேலை அது.

உங்கள் 58 சிசி இயந்திரத்தில் இதை வீட்டிலேயே அமைக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். வாயின் இடமும் திசையும் சற்றுப் பிசகினாலும் தூளை விலக்குவதற்கு மாறாக அள்ளி ஊட்டும். அதற்குப் பதிலாகச் செய்யத்தக்கது, ஃபில்டர் பெட்டி எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பதை மாற்றுவது. சோக் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி ஆகியவை நுழையும் துளைகளைச் சுற்றியும், பெட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையிலான சுவரின் விளிம்பிலும் இடைவெளி இருந்தால், செயின் பக்கத்துத் தூளும் சிலிண்டரின் சூடான காற்றும் அவ்வழியே நுழையும். எண்ணெய் தாங்கும் ரப்பர் பட்டையால் அவற்றை அடைத்து, செயினுக்கு எதிர்ப்பக்கமாக, ஸ்டார்ட்டர் பக்கத்தில் உள்ள இயல்பான திறப்பை மட்டும் விட்டுவையுங்கள். கம்பிகள் தடையின்றி அசைகின்றனவா, ஆக்சிலரேட்டரை விட்டதும் முழுதாகத் திரும்புகிறதா என்று பலமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; இதில் அசட்டை கூடவே கூடாது.

ஃபில்டரைப் பொறுத்தவரை, 58 சிசி இன்ஜின் 9,000 சுற்றில் கொள்ளளவுக் கணக்குப்படி நிமிடத்துக்கு 522 லிட்டர் காற்றைக் கேட்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கே உண்மையில் நுழைகிறது என்று வைத்தாலும் ஏறத்தாழ 350 லிட்டர். அவ்வளவும் உள்ளங்கை அகல வலை வழியே போக வேண்டும். காலுறைத் துணி பெரிய நாரைத் தடுக்கும், மாவைத் தடுக்காது. தென்னையின் பன்னாடை கள்ளை வடிகட்டும்போது வண்டைப் பிடித்து மண்டியை விடுவதைப் போன்றது அது. ஃபில்டருக்கான எண்ணெயை மிதமாக ஊற்றிப் பிழிந்த நுரைப்பஞ்சு உறை நுண்தூளையும் பிடிக்கும். ஆனால் காற்றுக்குச் சற்றுத் தடை கூடும் என்பதால் கார்புரேட்டரை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சேர்வராயன், ஏற்காடு

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து செய்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

குளிர்நாடுகளுக்கும் விற்கப்படும் இயந்திரங்கள் பலவற்றில் சிலிண்டருக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் இடையே குளிர்காலத் திறப்பு ஒன்று உண்டு. பனியில் கார்புரேட்டர் உறையாமல் இருக்கச் சிலிண்டரின் சூடான காற்றை அது உள்ளே விடுகிறது. இரண்டாம் கையாக நான் வாங்கிய இயந்திரம் ஒன்றில் அந்த அடைப்பான் குளிர்கால நிலையிலேயே இருந்ததை ஒரு முழுக் கோடைக்குப் பிறகுதான் கவனித்தேன். நம் ஊரில் அது எப்போதும் கோடை நிலையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உயரம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று மெலிந்திருக்கிறது. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்கிறோம். அதே இயந்திரத்தைச் சேலத்துக்கு இறக்கித் திருகைத் தொடாமல் ஓட்டினால் பெட்ரோல் போதாமல் சூடேறும். மலைக்கும் சமவெளிக்கும் இயந்திரத்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

தோப்புக்காரர், பேராவூரணி

ஐந்து வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுதிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

பொள்ளாச்சி அண்ணன் சொன்ன கிரீஸ் சோதனையை முதலில் செய்தேன். வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்தபோது, ஏறத்தாழ கடிகாரத்தில் 7 முதல் 10 வரையிலான பகுதியில் மட்டும் பழுப்பு நிறத்தில் கோடு விழுந்தது. மற்ற இடம் ஏறக்குறைய சுத்தம். ஃபில்டரின் இரு பாதிகளையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு கொக்கி உடைந்து, அஞ்சலட்டை நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இத்தனை நாள் நான் வாரந்தோறும் கழுவிக்கொண்டிருந்தது இந்தப் பிளவைத்தான் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. இப்போது புதிய ஃபில்டர்கள் இரண்டு வாங்கி, இணைப்புக் கோட்டிலும் உட்காரும் விளிம்பிலும் மெல்லிய கிரீஸ் தடவிப் பொருத்துகிறேன். ஒன்று ஓடும்போது மற்றது பாத்திரம் துலக்கும் திரவத்தில் கழுவி நிழலில் காய்கிறது.

அடுத்து ஸ்டார்ட்டர் கவரையும் மேல்மூடியையும் கழற்றினேன். சிலிண்டரின் மேல் துடுப்புகள் ஓரளவு சுத்தமாகத்தான் இருந்தன. ஆனால் அடிப்புறத்தில், ஸ்பிராக்கெட் பக்கத்துக் கீழ் மூலையில், செயின் ஆயிலும் தென்னைச் சக்கையும் சேர்ந்து வெந்து கறுத்து, அடிப்பிடித்த வெல்லப்பாகுபோல் நான்கு துடுப்புகளுக்கு இடையிலும் இறுகியிருந்தது. மூங்கில் சிம்பைச் சீவி, டீசல் தொட்டு ஊறவைத்து ஊறவைத்துச் சுரண்டி எடுக்க ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது என் தந்தையார் தடுத்தார். துடுப்பு ஒன்று ஒடிந்தால் திரும்ப வராது என்று அவர் சொன்னது சரி. எடுத்ததைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டேன், பாதிச் சிரட்டை நிறைந்தது.

சேலம் ஐயா சொன்னபடி பெட்டிச் சுவரிலிருந்த இரண்டு இடைவெளிகளை ரப்பர் பட்டையால் அடைத்தேன். உறைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் என் இயந்திரத்தில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் சிலிண்டருக்கு அடியில் வர வேண்டிய தகடு ஒன்று இல்லவே இல்லை என்பது, பக்கத்து ஊர் நண்பரின் அதே மாதிரி இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. முன்பு பிஸ்டன் மாற்றியபோது யாரோ திரும்பப் போடாமல் விட்டிருக்க வேண்டும். அதே அளவில் தகடு வெட்டித் திருகி முடுக்கிவிட்டேன்.

இப்போது ஒரு டேங்குக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருந்த ஃபில்டரை மூன்று டேங்குக்கு ஒருமுறை தட்டினால் போதுமாக இருக்கிறது. கார்புரேட்டர் வாய் துடைத்த துணி வெள்ளையாகவே வருகிறது. ஆனால் இன்ஜின் இப்போது முன்பைவிட வேகமாக, கூர்மையாகக் கத்துகிறது. கேட்க நன்றாக இருந்தாலும் உள்ளுக்குள் அச்சமாக இருக்கிறது. இது சரியா?

பட்டறை, பொள்ளாச்சி

அந்தக் கூர்மையான சத்தத்தைக் கேட்டு நீங்கள் அஞ்சியது நல்லதாயிற்று. இதைச் சரிசெய்யும் வரை அந்த இயந்திரத்தை மரத்தில் இறக்காதீர்கள்.

நடந்தது இதுதான். அழுக்கு ஃபில்டர் காற்றைத் தடுத்தபோது கலவையில் பெட்ரோல் மிகுந்திருந்தது. இன்ஜின் மந்தமாக இருக்கிறதே என்று நீங்களோ வேறு யாரோ, கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவை மாற்றும் எச் திருகை மூடி பெட்ரோலைக் குறைத்திருக்கிறீர்கள். இப்போது ஃபில்டர் சுத்தமாகி, காற்று தாராளமாக வருகிறது; பெட்ரோல் மட்டும் பழைய குறைந்த அளவிலேயே இருக்கிறது. அழுக்கு ஃபில்டரை வைத்து டியூன் செய்த இயந்திரம், சுத்தமான ஃபில்டர் போட்ட நாளில் பிஸ்டனைப் பிடிப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்டில் தன் கார்புரேட்டர்களில் வைக்கும் காம்பென்சேட்டர் ஏற்பாடு, ஃபில்டர் அடைபட்டாலும் கலவை மாறாமல் பார்த்துக்கொள்வதற்கே. உங்கள் இயந்திரத்தில் அது இல்லை.

புதிய ஃபில்டரைப் பொருத்தி, ஐந்து நிமிடம் சூடேற்றி, எச் திருகை இடப்பக்கமாக அரைக்கால் சுற்று திறங்கள். முழு ஆக்சிலரேட்டரில் மரத்துக்கு வெளியே சில நொடி மட்டும் பிடித்துக் கேளுங்கள்: கூரான கத்தல் உடைந்து, கரகரவென்று தடுமாறுவதுபோல் ஒலிக்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒலி தெளிய வேண்டும்; வெளியே எடுத்தால் மீண்டும் வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னொரு அரைக்கால் சுற்று. எவ்வளவு திறந்தாலும் கத்தல் அடங்கவில்லை, அல்லது ஆக்சிலரேட்டரை விட்ட பிறகு வேகம் இறங்கத் தயங்குகிறது என்றால் திருகை விட்டுவிடுங்கள். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயிலோ கிராங்க் ஆயில் சீலிலோ காற்றுக் கசிவு இருக்கும், அதைத் தேட வேண்டும்.

பெட்ரோலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2025-இல் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய பெட்ரோலுக்கு வைத்த திருகு இப்போதைய பெட்ரோலுக்குக் குறைவாகவே கொடுக்கும். பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் பலரின் கையேடுகள் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்கின்றன. நமக்குப் பெட்ரோல் பங்கில் கிடைப்பதைத்தானே ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதையும் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வையும் பெட்ரோல் குழாயையும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பிஸ்டன் மாற்றுவதைவிட மலிவு. சூடாகிறதே என்று டூ-டி ஆயிலை இஷ்டம்போல் கூட்டவும் வேண்டாம். ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது.

செயின் மொக்கையானால் சீவல் வராது, மாவுதான் வரும். மாவு வரத் தொடங்கிய உடனே நிறுத்தி, உங்கள் 0.325 அங்குல பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் அரத்தால் பல்லுக்கு மூன்று இழுப்பு கொடுங்கள். மொக்கைச் செயினை அழுத்தி அறுக்கும்போது இன்ஜின் வேகம் 9,000-இலிருந்து 6,000-க்கு இறங்கினால், விசிறி தள்ளும் காற்று மூன்றில் இரண்டாகவும் அதன் அழுத்தம் பாதிக்கும் கீழாகவும் குறையும். சூடு அதிகம் பிறக்கும் நேரத்தில் குளிர்காற்று குறைவாக வருகிறது என்று இதற்குப் பொருள். நீண்ட வெட்டு முடிந்ததும் சட்டென நிறுத்தாமல் அரை நிமிடம் வெற்றோட்டத்தில் விடுங்கள். விசிறி நின்ற பிறகு சிலிண்டரின் சூட்டை எடுத்துப் போக ஆளில்லை.

சவுக்குத்தோப்பு, கடலூர்

சேலம் ஐயா சொன்ன காகிதக் கீற்றுச் சோதனையை நேற்று மாலை செய்து பார்த்தேன். பன்னிரண்டு துளைகளில் பதினொன்றில் கீற்று வெளியே துடித்தது. ஒன்று மட்டும் அசையவில்லை. மூடியைக் கழற்றியபோது அந்த ஒரு துளைக்கு நேர் கீழே, துடுப்புகளின் மேல், சவுக்குத் தூள் விரல் கனத்துக்குக் குவிந்து கிடந்தது. இயந்திரத்தை ஓரமாகப் படுக்கவைக்கும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் துளை வழியே விழுந்ததாக இருக்க வேண்டும். உட்புறம் தகடு வைத்து ரிவெட் அடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டேன். பிளக்கின் அடியில் வைக்கும் தெர்மோகப்பிள் வளையம் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் மூடிய நிலையில் அளந்து, பழைய துளையுள்ள மூடி ஒன்றை இரவல் வாங்கி அதிலும் அளந்து இங்கே எழுதுகிறேன்.